பனை ஏன் துளிர்க்கவில்லை, சேர்?

பதிவு கொஞ்சம் நீளம். விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களும், தரம் 10, 11இல் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம்.

2016ஆம் ஆண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலை, தரம் 11. தாவர இழையங்கள் பாடத்தை முடித்துவிட்டேன். ஒருவித்திலை, இருவித்திலை வேறுபாடுகளைக் கரும்பலகையில் அட்டவணை போட்டு எழுதிவிட்டு, "ஏதும் கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். வழமையாக ஒருவரும் கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாங்களும் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

அன்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

"சேர், எங்கட வளவில நிண்ட பனையளுக்கு ஷெல்லில தலை போயிட்டுது. ஒண்டும் திரும்பத் துளிர்க்கேல்லை. பக்கத்தில நிண்ட புளியும் முறிஞ்சதுதான். அது துளிர்த்து இப்ப காய்க்குது. பனை ஏன் சேர் துளிர்க்கேல்லை?"

வகுப்பு அமைதியானது. 2009இல் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயது இருந்திருக்கும். எல்லோருக்கும் அந்தப் பனைகளைத் தெரியும். "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றன்" என்று சமாளித்தேன். ஆசிரியர்களுக்குத் தெரியும், விடை தெரியாதபோது நாங்கள் சொல்லும் வசனம் அது.

இரவு வீட்டில் பாடக்குறிப்பை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் விளங்கியது. அவனுக்கு வேண்டிய விடை முழுவதையும் அன்று காலை நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரி: "ஒருவித்திலைத் தாவரத் தண்டு பெரும்பாலும் கிளைப்பதில்லை." நான்காவது வரி: "மாறிழையம் இல்லை, துணை வளர்ச்சி இல்லை." நான் எழுதினேன், அவன் கொப்பியில் பார்த்து எழுதினான். அது அவனுடைய வளவில் நிற்கும் பனையைப் பற்றிய செய்தி என்று அவனுக்கும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்தபோது இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டை HB பென்சிலால் அழகாக வரைந்து நல்ல புள்ளி எடுத்தவன் நான். வட்டம், அதற்குள் வட்டம், முட்டை வடிவக் கலன்கட்டுகள் எட்டு, அம்புக்குறிகள். கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். ஆனால் ஒரு செடியின் தண்டை என் கையால் வெட்டிப் பார்த்தது ஆசிரியராகிச் சில வருடங்கள் கழித்து, இந்தப் பொடியன் கேட்ட பிறகுதான்.

முதலில் அவனுக்கு நான் அடுத்த நாள் சொன்ன விடையைச் சொல்லிவிடுகிறேன்.

புளி, வேம்பு, பாலை, முதிரை போன்ற மரங்களில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மெல்லிய படை இருக்கிறது. ஒரு சில கலங்களின் தடிப்புத்தான். அதுதான் மாறிழையம். அந்தக் கலங்கள் ஓயாமல் பிரிந்து உட்பக்கமாகக் காழையும் வெளிப்பக்கமாக உரியத்தையும் உண்டாக்குகின்றன. காழ் வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும். உரியம் இலை சமைத்த உணவை எல்லா இடமும் பங்கிடும். மரம் வருடா வருடம் பருப்பது இந்தப் படையால். கொப்பு முறிந்தால், பட்டை பிளந்தால், காயத்தின் ஓரத்தில் உதடு மாதிரிப் புடைத்து வந்து மெல்ல மெல்ல மூடுவதும் இந்தப் படையின் வேலைதான். இதைவிட, தண்டு நெடுகிலும் பட்டைக்குக் கீழே உறங்கும் அரும்புகள் இருக்கின்றன. தலை போனால் அவை விழிக்கும். புளி துளிர்த்தது அப்படித்தான்.

பனையின் கதை வேறு. பனைக்கு வளர ஒரே ஒரு இடம்தான் உண்டு. உச்சியில், ஓலைகளுக்கு நடுவே, குருத்துக்கு உள்ளே இருக்கும் ஒற்றை அரும்பு. 20, 30 மீற்றர் உயர்ந்த மரத்தின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. தண்டில் உறங்கும் அரும்பு கிடையாது. பட்டைக்குக் கீழே மாறிழையம் கிடையாது. அதனால் தலை போன பனை துளிர்க்க வழியே இல்லை. வேருக்கு உணவு அனுப்ப ஓலை இல்லாமல், உள்ளே சேமித்து வைத்ததைத் தின்று தீர்த்துவிட்டு நின்ற நிலையிலேயே சாகிறது.

தலை தப்பிய பனையைப் பாருங்கள். தண்டில் சன்னம் போன ஓட்டை பத்து வருடம் கழித்தும் அதே ஓட்டையாகத்தான் இருக்கும். பனையால் காயத்தை மூட முடியாது. ஆனால் காயத்தோடு வாழ முடியும். ஏனென்றால் அதன் கலன்கட்டுகள் ஒரு வளையமாக இல்லாமல் தண்டு முழுவதும் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. நூறு அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்தப் பொடியன், "அப்ப அது எங்கட பிழை இல்லைதானே சேர்? அம்மா தண்ணி ஊத்திப் பாத்தவ" என்றான்.

அதுவரையான என் படிப்பித்தலில் எந்த இரத்தினச் சுருக்கமான விடைத்தாளும் எனக்குச் சொல்லித் தராத விஷயத்தை அந்த ஒரு வசனம் சொல்லித் தந்தது. ஒரு தாய் தலையில்லாத பனைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறா. அதை ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது அட்டவணையின் மூன்றாவது, நான்காவது வரி. நாங்கள் அதை இரண்டு புள்ளிக்கான மனப்பாடமாக்கி வைத்திருக்கிறோம்.

இதுதான் என் முறைப்பாடு. தாவர உள்ளமைப்பை நாங்கள் படமாகப் படிப்பிக்கிறோம். பிள்ளை படத்தைப் பார்த்துப் படம் வரைகிறது. ரியூசனிலும் அதே படம், கடந்தகால வினாத்தாளிலும் அதே படம், "A, B, C பகுதிகளைப் பெயரிடுக." அந்தப் படம் எந்தத் தாவரத்தினுடையது என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. பல நேரம் எங்களுக்கும் தெரியாது.

1682இல் இங்கிலாந்தில் நெகேமியா குரூ என்ற வைத்தியர் தாவர உடலமைப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதே காலத்தில் இத்தாலியில் மல்பீஜியும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். இன்று எங்கள் பாடநூலில் இருக்கும் குறுக்குவெட்டுப் படங்களுக்கு மூத்தவாப்பா அவர்கள் வரைந்த படங்கள்தான். அவர்கள் செய்த வேலையின் ஒழுங்கு இது: முதலில் வெட்டினார்கள், பிறகு பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் வரைந்தார்கள். 340 வருடம் கழித்து நாங்கள் வரைவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம்.

"நுணுக்குக்காட்டி இல்லையே சேர்" என்று சொல்வீர்கள். நான் வேலை செய்த ஒரு பாடசாலையில் இரண்டு இருந்தன. அலுமாரிக்குள், பூட்டுப் போட்டு, துணியால் மூடி. உடைந்தால் பொறுப்பு யார் என்ற பயம். ஒருநாள் திறந்து பார்த்தபோது வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பாவிக்காமல் பாதுகாத்த பொருள் பாவித்த பொருளைவிட வேகமாகப் பழுதாகிறது. அதற்குப் பிறகு நான் நுணுக்குக்காட்டியைக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

வன்னியில் இந்தப் பாடத்துக்கு நுணுக்குக்காட்டி இல்லாமலே பாதி தூரம் போகலாம். ஒரு கருக்கு மட்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலன்கட்டு. பக்கத்தில் ஒரு வேப்பங்கொப்பை வெட்டி வையுங்கள். அங்கே புள்ளி இல்லை, வளையம். ஒருவித்திலை, இருவித்திலை வேறுபாடு பாதி முடிந்தது. காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் ஒரு இரவு நிறுத்துங்கள். காலையில் பிளேட்டால் மெல்லிசாக வெட்டினால் எங்கே சிவப்பு ஏறியிருக்கிறதோ அது காழ். சோளத்தண்டில் செய்தால் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பழுதான சீடி பிளேயரிலிருந்து கழற்றிய சிறு வில்லையைக் கைத்தொலைபேசிக் கமெராவில் ஒட்டினால் வகுப்பு முழுக்கப் பார்க்கலாம்.

இலைவாய் பார்க்க பூவரசிலையின் கீழ்ப்புறத்தில் கியூடெக்ஸ் பூசிக் காயவிட்டு, செலோரேப்பால் உரித்தெடுத்து நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். கடையில் நான் கியூடெக்ஸ் வாங்கியதைப் பார்த்தவர் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். மனைவிக்கு விளக்கம் சொல்ல அந்த வழுக்கியையே காட்ட வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், காவற்கலங்கள் தெளிவாகத் தெரிந்தன.

சொற்களையும் சும்மா கடந்து போகாதீர்கள். இந்திய யூரியூப் பாடங்களில் சைலம், புளோயம், திசு, செல் என்கிறார்கள். எங்கள் பாடநூல் காழ், உரியம், இழையம், கலம் என்கிறது. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக் குழம்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வன்னியில் "செல்" என்றால் வேறு என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்குக் "கலம்" போதும்.

"காழ்" என்ற சொல்லைப் பாருங்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு இருக்கிறது. வயிரம் வெளிப்புறத்தில் இருந்தால் அது புல், உள்ளே இருந்தால் அது மரம் என்ற பொருளில் சொல்கிறார். அங்கே வயிரத்துக்கு அவர் பாவிக்கும் சொல் இதே காழ். அந்தக் கணக்கில் பனை, தென்னை, கமுகு எல்லாம் மரமில்லை, புல். ஓலை, மடல், பாளை என்ற சொற்களையும் அந்தப் பக்கம்தான் வைக்கிறார். பனையிலை என்று நாங்கள் சொல்வதில்லைதானே.

"அன்றே சொன்னான் தமிழன்" என்று யாரும் இதை வட்ஸ்அப்பில் சுற்ற விட வேண்டாம். எங்கள் ஆட்களும் "அன்றே சொல்லப்பட்டது" என்று அனுப்புவதில் குறைந்தவர்கள் இல்லை. தொல்காப்பியர் மாறிழையத்தைக் காணவில்லை. ஆனால் வெட்டிய மரத்தைப் பார்த்த ஆட்களின் அறிவு அந்த வரிகளில் இருக்கிறது. பனையைத் தறித்த எவருக்கும் தெரியும், வெளிப்புறம் இரும்பு, நடுப்புறம் சோறு. கலன்கட்டுகளும் அவற்றைக் கவசம் மாதிரி மூடும் வல்லுருக்கலவிழைய நார்களும் ஓரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் சிலாகையும் வளையும் ஓரத்திலிருந்து அரிகிறார்கள். நடுவைக் கோலி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஓடும் பீலியாக்கினார்கள். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்கு முதலில் தூணாக நின்றவை பேரீச்ச மரத் தண்டுகள். பேரீச்சையும் பனையின் குடும்பம்தான். அதே உள்ளமைப்பு. யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்கு மேலே பனங்குற்றிகளை அடுக்கியதும் இதே காரணத்தால்தான். தாவர உள்ளமைப்பு என்று பெயர் தெரியாமலே உயிரைக் காக்க எங்கள் சனம் அதைப் பாவித்திருக்கிறது.

உரியத்தைக் காட்ட நான் வகுப்புக்குப் பனங்கட்டி கொண்டுபோவேன். ஆளுக்கு ஒரு துண்டு. "இது எந்த இழையத்திலிருந்து வந்தது?" முதலில் சிரிப்பார்கள். பாளையைச் சீவும்போது வடிவது உரியத்தில் ஓடும் சீனிச்சாறு, அதைக் காய்ச்சியதுதான் கையில் இருக்கிறது என்று சொன்னால் பிறகு ஒருவரும் காழையும் உரியத்தையும் மாற்றி எழுதுவதில்லை. இதற்கு நான் ஆய்வு ஒன்றும் செய்யவில்லை. என் வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன்.

இனி இரண்டு சம்பவங்கள். இந்தப் பாடத்தைப் புள்ளிக்கான பாடமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இவைதான் காரணம்.

ஒன்று, 2023இல் நடந்தது. ஒரு மாணவியின் தந்தை மரக்காலையில் வேலை செய்கிறார். தேக்குக் குற்றி ஒன்றை அரியும்போது வாள் நெருப்புப் பறந்து நின்றுவிட்டது. உள்ளே விரலளவு இரும்புத் துண்டு. வன்னியில் மரம் அரிபவர்களுக்கு இது புதிதில்லை. "சேர், உங்கட பாடத்துக்கு உதவும்" என்று அந்த வெட்டுத் துண்டை எடுத்து வைத்திருந்தார். பெற்றோரின் சம்மதத்தோடு ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேக்கு எங்கள் காலநிலையிலும் வளர்ச்சி வளையங்களைத் தெளிவாகக் காட்டும் மரம். பட்டையிலிருந்து உள்ளே இரும்பு வரைக்கும் எண்ணச் சொன்னேன். ஒருத்தி 14 என்றாள். ஒருவன் 16 என்றான். இரண்டு மழைக் காலம் உள்ள இடத்தில் பொய் வளையமும் விழும், அதனால் வருடத்தை அச்சொட்டாகச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். பிள்ளைகள் 2023இலிருந்து கழித்துப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

இரும்பைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஒரு எல்லையோடு நின்றது. அதற்கு வெளியே நல்ல பொன்னிற மரம். அமெரிக்க வனத் திணைக்களத்தில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் பிளந்து பார்த்து 1970களில் எழுதிய விஷயம் இது: எங்கள் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை. பழுதான கலங்களை மரம் சரிசெய்வதும் இல்லை. பழுது பரவாமல் சுற்றிவர மதில் கட்டுகிறது. பிறகு அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. காயம் உள்ளே அப்படியே இருக்கும்.

மதில் கட்டியது எந்தக் கலங்கள், புது மரத்தை உண்டாக்கியது எந்தப் படை என்று கேட்டேன். சரியாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. சொந்தக் கதையைச் சொல்லும்படி பிள்ளைகளிடம் நான் கேட்பதில்லை. ஒரு வகுப்பில் யார் யாரை இழந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மரத்தைப் பற்றிப் பேசுவோம். அவர்களாகக் கேட்டால் கேட்பதற்கு விடை சொல்வேன்.

அந்த மரக்காலைக்காரர் கடைசியில் துண்டைக் காகிதத்தில் சுற்றித் தரும்போது, "நாங்கள் இதை வாளுக்கு நட்டம் எண்டுதான் பாத்தம்" என்றார்.

இரண்டாவது சம்பவம் என் சொந்தக் கதை.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு 2 வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். 2011இல் வாப்பாவோடு எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது காணி என்று காட்ட ஒன்றும் இல்லை. 21 வருடக் காடு. கிணற்றைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. பார்க்க வந்த ஒருவர், "இது காடுதானே" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

வாப்பா ஒன்றும் பேசாமல் கத்தியால் பற்றையை வெட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்று, "இஞ்ச வா" என்றார். பூவரச மரங்கள். பெரிய மரங்கள். ஆனால் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில். காடு அப்படி வரிசையில் வளராது. அவை எங்கள் மூத்தவாப்பா வேலிக்கு நட்ட கதியால்கள். வெட்டி நட்ட கொப்பு வேர் விட்டு மரமாகி நின்றது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்துக்குள்ளிருந்து துருப்பிடித்த முட்கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் அதே உயரத்தில். அதற்கடுத்ததிலும். முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. மாறிழையம் கம்பியின் இரண்டு பக்கத்தாலும் மரத்தை வளர்த்து, கம்பியை விழுங்கிவிட்டிருந்தது.

பிள்ளைகளிடம் இப்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: "நெஞ்சு உயரத்தில் அடித்த கம்பி, மரம் இவ்வளவு உயர்ந்த பிறகும் ஏன் நெஞ்சு உயரத்திலேயே இருக்கிறது?" முக்கால்வாசிப் பேர் கம்பியும் மேலே போயிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். மரம் உயர்வது நுனியில் மட்டும். அடியில் அது பருக்கிறது, நீள்வதில்லை. இந்த ஒரு விஷயம் விளங்கினால் நுனிப் பிரியிழையமும் பக்கப் பிரியிழையமும் விளங்கிவிட்டன. அன்று அந்தக் கம்பிகள் வேலி நின்ற கோட்டை எங்களுக்குக் காட்டின.

கம்பி மட்டும் காணியை மீட்டுத் தந்தது என்று கதை விடமாட்டேன். வாப்பா பத்திரமாக வைத்திருந்த உறுதியும், பக்கத்து வளவு அண்ணை வந்து "இது இவையின்ர காணிதான், இந்த வேலியை நானும் சேர்ந்து அடைச்சனான்" என்று சொன்ன சாட்சியும் சேர்ந்துதான் காரியம் நடந்தது. ஆனால் "இது காடுதானே" என்ற வாயை முதலில் மூட வைத்தது அந்தப் பூவரசுகள். அதே நிலைமையில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள், எங்கள் ஆட்களிலும் தமிழ் ஆட்களிலும், வன்னியில் இருக்கின்றன. மரத்தை வாசிக்கத் தெரிவது அவர்களுக்கு வெறும் பாடமில்லை.

இனி எதிர்ப்பக்க நியாயங்களுக்கு வருகிறேன். என் மதிப்புக்குரிய மூத்த ஆசிரியர் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "தம்பி, வன்னிப் பிள்ளைக்குத் தேவை பெறுபேறு. நீர் காட்டுற பனை ஏ தராது." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பரீட்சைதான் ஒரே கதவு. அந்தக் கதவைச் சாத்திவிட்டு ரசனை படிப்பிக்கும் உரிமை எனக்கு இல்லை. பாடத்திட்டம் பெரிது, பாடவேளை குறைவு, 40 பிள்ளைகளிடம் பிளேட்டைக் கொடுக்கவும் பயம்தான்.

ஆனால் நான் கேட்பது ஒரு இரட்டைப் பாடவேளை. பிளேட் ஆசிரியரின் கையில் இருக்கட்டும். வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்த 80 நிமிடத்தைச் செலவழித்தால் அட்டவணையை மனப்பாடமாக்கும் நேரம் மிச்சம். கருக்கு மட்டையைப் பார்த்த பிள்ளை "சிதறிய கலன்கட்டுகள்" என்று மனனம் செய்யத் தேவையில்லை. அது கண்ணில் நிற்கும். படம் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. பார்த்த பிறகு வரையும் படம் பிள்ளையின் சொந்தப் படம்.

என் சிறிய கோரிக்கைகள் இவை.

முதலாவது, வடக்கில் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம். இந்தப் பாடத்தின் முதல் உதாரணம் பனையாக இருக்கட்டும், இரண்டாவது புளியோ வேம்போ. சூரியகாந்தியும் சோளமும் பாடநூலில் இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு போகலாம்.

இரண்டாவது, தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களிடம். "பெயரிடுக" என்பதோடு ஒரு "ஏன்" சேருங்கள். "பட்டையைச் சுற்றிவர ஒரு வளையமாக உரித்தால் வேம்பு ஏன் சாகிறது?" "நடு முழுக்கப் பொந்தாகிய புளி ஏன் உயிரோடு நிற்கிறது?" "மாவை ஒட்டலாம், தென்னையை ஏன் ஒட்ட முடியாது?" மூன்றுக்கும் விடை ஒரே அட்டவணையில் இருக்கிறது. வளையமாக உரித்தால் உரியம் அறுந்து வேர் பட்டினி கிடக்கும். பொந்தில் போனது இறந்த பழைய காழ், உயிருள்ள படை ஓரத்தில் இருக்கிறது. ஒட்டுவதற்கு மாறிழையமும் மாறிழையமும் சந்திக்க வேண்டும், தென்னையில் அது இல்லை. நாற்றுமேடையில் வேலை தேடப்போகும் பிள்ளைக்கும் இது உதவும், உயர்தரம் படிக்கப்போகும் பிள்ளைக்கும் இது உதவும்.

மூன்றாவது, கல்வியியற் கல்லூரிகளில் இப்போது பயிலும் தம்பி தங்கைகளிடம். பாடக்குறிப்பும் காட்சிச் சாதனமும் அழகாகச் செய்கிறீர்கள். ரெஜிபோமில் வெட்டி நிறம் பூசிய தண்டு மாதிரியை நானும் செய்திருக்கிறேன். அதைச் செய்ய ஒரு வாரம் எடுத்தேன். கல்லூரி மதிலோரம் நின்ற உண்மையான தண்டை வெட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. நீங்கள் அந்த ஐந்து நிமிடத்தை எடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் காணியின் பின்பக்கத்தில் ஒரு கிழட்டுப் பனை நிற்கிறது. மூத்தவாப்பாவின் காலத்துப் பனை. எப்படியோ தலை தப்பிவிட்டது, தண்டில் மட்டும் இரண்டு ஓட்டை. பனைக்குப் பழைய உரியத்தைக் களைந்துவிட்டுப் புதிதாக உண்டாக்க மாறிழையம் இல்லை என்று சொன்னேன்தானே. அதனால் அடித்தண்டில் வடலிக் காலத்தில் உண்டான உரியக் கலங்களே மரம் சாகும்வரை வேலை செய்ய வேண்டும். பனைகளில் உயிருள்ள கலங்கள் பல பத்து வருடங்கள் உயிரோடு இருக்கின்றன. அப்படிப் பார்த்தால், நாங்கள் இந்த ஊரை விட்டுப் போவதற்கு முன்பே உண்டான கலங்கள் அந்தப் பனையின் அடியில் இன்றும் வேருக்குச் சீனிச்சாறு கொண்டுபோகின்றன. நாங்கள் இல்லாத 21 வருடமும் கொண்டுபோயிருக்கின்றன.

இதை வாப்பாவிடம் சொன்னேன். எழும்பிப் போய்ப் பனையின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதைப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று கேட்டார். சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன்.

உங்கள் ஊரில் கம்பி விழுங்கிய மரம், இரும்பு இருந்த பலகை, ஓட்டையோடு நிற்கும் பனை இருந்தால் கீழே படம் போடுங்கள். இடத்தின் பெயரும் மரத்தின் பெயரும் எழுதினால் போதும். அடுத்த தவணை வகுப்பில் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.